ஏழாவது மாடம்

எங்கள் குகையின் நீளம் எட்டு ஆள். அடிக்கணக்கு ரயில்வே துரையின் அலமாரியில் இருந்திருக்கும்; எங்களிடம் யாரும் சொன்னதில்லை. மலைக்குள் புகுந்து போன அந்த ரயில் பாதையின் ஒரு பக்கச் சுவரில், வண்டி வரும்போது ஆள் ஒதுங்கி நிற்பதற்காக எட்டு மாடங்கள் கட்டியிருந்தார்கள். வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. மாடத்துக்கு ஒருவராக எட்டுப் பேர் அங்கே பாதை வேலை பார்த்தார்கள். ஏழாவது மாடம் என் புருஷனுடையது.

இன்று வரைபடத்தில் தேடினால் அந்தப் பாதை கிடைக்காது. சிரம்பான் பக்கத்துப் பாரோயில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பழைய ரயில்வே பற்றிப் புத்தகம் போடுகிறோம் என்று இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். குகை எப்போது கட்டியது, எத்தனை அடி, எந்தத் துரை கட்டினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே யார் நின்றார்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "பொண்ணு பாக்கப் போன எடத்துல பச்ச மொளகாயக் கட்டி வச்சிட்டாங்க" என்று என் புருஷன் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போனவள். கல்யாணமாகி வந்தது, அதே தோட்டத்தின் கடைசி மலைச்சரிவில் இருந்த ரயில்வே லயத்துக்கு. எங்கள் வாசலில் நின்றால் குகையின் வாய் தெரியும். குகைக்குள்ளிருந்து ஒரு வாய்க்கால் வெளியே வரும். மலைக்குள் ஊறுகிற தண்ணீர் அது. நண்பகலிலும் பல் கூசும். லயத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் குடம் நிரப்புவோம்.

அந்த மலையைக் குடைந்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். நான் வந்தபோது அவர் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மகனிடம் சொல்லி, மகன் என்னிடம் சொன்னதுதான் எனக்குத் தெரியும். குகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் புருஷனுக்குச் சோறு வேண்டாம். மீன்குழம்பு ஆறிப் போகும், அவர் தட்டில் விரலால் கோடு போட்டு மலையை வரைந்துகொண்டிருப்பார். "குகையவே கட்டியிருக்க வேண்டியதுதானே, என்ன எதுக்குக் கட்டுனீங்க?" என்று நான் தட்டை இழுப்பேன்.

மலையின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்துகொண்டு வந்தார்களாம். முதலில் மேல்பகுதியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்கு மரம் முட்டுக் கொடுத்து, பிறகு கீழே தோண்டி அகலப்படுத்துவது. வெளிப்பக்கம் சிவந்த மண். வெட்ட வெட்டச் சரியும். உள்ளே போகப் போகக் கருங்கல். ஒருவன் கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடித்துத் துளை போடுவான். துளையில் மருந்து வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி வருவார்கள். சம்மட்டிக்காரன் குறி தவறினால் கம்பி பிடித்தவனுக்குக் கை இல்லை. என் மாமனார் கம்பி பிடித்தவர். இடது கையில் இரண்டு விரல் இல்லாமல்தான் செத்தார்.

இரண்டு பொந்தும் மலைக்குள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். அதற்காகத் துரை மலையுச்சியில் மூன்று கம்பம் நட்டு, கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்த்துக் கோடு பிடித்தாராம். அந்தக் கோட்டைக் குகைக்குள் இறக்க, கூரையில் நூல் கட்டி ஈயக்குண்டு தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்ப்பார்களாம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பாதி தூரத்தில் கல்லுக்குள் ஒரு ஊற்று உடைத்துக்கொண்டது. அடைக்கப் பார்த்து முடியாமல் துரை பாதையை வளைத்தார். வளைத்த கணக்கு எங்கோ பிசகியது. கடைசி வெடி வைத்துப் புகை அடங்கியதும் பார்த்தால், அந்தப் பக்கத்துப் பொந்தும் இந்தப் பக்கத்துப் பொந்தும் ஒரு முழம் விலகி நின்றன. துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாராம். பிறகு ஒரு பக்கம் கல்லைச் செதுக்கி, மறுபக்கம் செங்கல்லைத் தடிமனாக வைத்து ஒப்பேற்றினார்கள். ஆறாவது மாடத்துக்கும் ஏழாவது மாடத்துக்கும் நடுவில் சுவர் இலேசாகக் கோணிப்போவதை, கையால் தடவிப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

கல்லைக் குடைவதோடு வேலை முடியவில்லை. மரச்சாரத்தை வில் மாதிரி வளைத்து நிறுத்தி, அதன் மேல் இரண்டு பக்கமிருந்தும் செங்கல் அடுக்கிக்கொண்டு போய், உச்சியில் கடைசிக் கல்லை அடித்து இறக்குவார்கள். பிறகு சாரத்தை எடுத்துவிட்டால் செங்கல் வளைவு தன் பாரத்திலேயே நின்றுகொள்ளும். மலை அழுத்த அழுத்த அது இன்னும் இறுகும். ஆனால் அதற்கும் ஒரு எதிரி உண்டு. செங்கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவரையே தள்ளிவிடும். அதனால் சுவரில் இடம் விட்டு இடம் சிறு ஓட்டைகள் வைத்திருந்தார்கள், தண்ணீர் கசிந்து வாய்க்காலுக்குப் போக. ஓட்டையில் மண் அடைக்காமல் இரும்புக் கம்பியால் குத்திவிடுவது என் புருஷனின் வேலை. "தண்ணிக்கு வழி விட்டா மல நம்மள விட்டுரும் புள்ள" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். ஒரு ஓட்டையைக் குத்துவதற்கு இவ்வளவு பெருமையா என்று உள்ளுக்குள் நினைப்பேன்.

இப்போது மாடத்துக்கு வருகிறேன். குகை வளைந்து போவதால் நடுவில் நின்றால் இரண்டு வாயும் தெரியாது. புகை போக மேலே துளையும் கிடையாது. வண்டி ஏற்றத்தில் திணறிக்கொண்டு உள்ளே வந்தால், கரிப்புகை நெடுநேரம் அங்கேயே சுற்றும். கையை நீட்டினால் கை தெரியாது. வேலை செய்கிறவன் மாடத்துக்குள் போய்விட்டானா, தடுக்கி விழுந்து தண்டவாளத்தில் கிடக்கிறானா என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாது. ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எந்த வண்டியானாலும் குகை வாயில் ஒரு நீண்ட விசில் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். விசில் கேட்டதும் எட்டுப் பேரும் அவரவர் மாடத்துக்கு ஓடுவார்கள். முதல் மாடத்தில் நிற்கும் மேஸ்திரி, மண்டோர் என்போம், "ஒண்ணு" என்று கத்துவார். அடுத்தவன் "ரெண்டு" என்பான். அப்படியே எட்டு வரைக்கும் போகும். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது பெயர் கூப்பிடுவார்களே, அது கணக்கெழுதும் கிராணிக்காக. இது உயிருக்காக.

ஒரு எண் வராவிட்டால்? அதற்கு முந்தினவன் தன் எண்ணை மறுபடி சொல்ல வேண்டும். அப்போதும் வராவிட்டால் மூன்றாவது தடவை சொல்லிவிட்டு, மாடத்தை விட்டு இறங்கி அடுத்தவனைத் தேட வேண்டும். வண்டி வந்துகொண்டிருந்தாலும் இறங்க வேண்டும். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. குகை வெட்டிய காலத்திலேயே வந்தது என்பார்கள். இந்த முறையால் பிழைத்தவர்கள் உண்டு. என் புருஷனே ஒருமுறை ஜல்லியில் கால் மடங்கி விழுந்து, ஆறாவது மாடத்துக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்துத்தான் தப்பினார்.

அந்த ஆறாவது மாடத்துக்காரரைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அடுத்த வீடு. வேதக்காரர், கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு ஜெபமாலை. என்னைத் தங்கச்சி என்பார், என் புருஷனை மாப்ளே என்பார். அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பலகாரம் எங்கள் வீட்டிலும், எங்கள் தீபாவளி முறுக்கு அவர் வீட்டிலும்தான் தீரும். இரண்டு ஆண்களும் சேர்ந்தால் பேச்சு குகை, ஜல்லி, சிலிப்பர் கட்டை. அவர் மனைவியும் நானும் தலையில் அடித்துக்கொள்வோம்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போனார்கள். தோட்டத்தில் பால்வெட்டு நின்றது. கித்தா என்கிற ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசி போய்விட்டது. துணி போய், கோணியைத் தைத்துக் கட்டினோம். ரயிலுக்குக் கரி இல்லாமல் விறகு எரித்தார்கள். அந்தப் புகைக்குக் கரிப்புகையே தேவலை என்று என் புருஷன் இருமிக்கொண்டே வருவார். எனக்கு அப்போது மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

இரண்டாம் வருடம் ஒரு உத்தரவு வந்தது. எங்கள் கிளைப்பாதையில் வண்டி ஓட வேண்டாம், தண்டவாளத்தைக் கழற்றி அனுப்புங்கள் என்று. மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷனிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்கள். கழற்றியவர்கள் யார்? இதே எட்டுப் பேர்தான். இத்தனை வருடம் முடுக்கி முடுக்கி வைத்த மரையை அவர்களையே திருகி எடுக்க வைத்தான். எதற்கு இந்தத் தண்டவாளம் என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சயாமில் காட்டுக்குள் ஒரு ரயில் போடுகிறான், அதற்கு.

சயாம் என்றால் என்ன என்று எங்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. தோட்டத்துக்கு லாரி வரும். ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகும். மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்பார்கள். ஒருவரும் வரவில்லை. மம்பாவ் பக்கம் என் அக்காள் இருந்த தோட்டத்தில் ஒரு லயத்தில் ஆம்பளையே மிச்சம் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். சாதாரணக் கூலிக்காரனையே அப்படிப் பிடிக்கிறவன், தண்டவாளம் போடத் தெரிந்தவனை விடுவானா?

மண்டோர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். "தண்டவாளம் எங்க போகுதோ அங்கதான்டா நம்மளும் போவோம். கொகைக்குள்ள இருக்கறதக் கழட்டி முடிச்ச அன்னிக்கி நம்ம கதயும் முடிஞ்சிச்சி."

கழற்றல் நாளுக்கு நாள் மலையை நெருங்கி வந்தது. அந்தப் பக்கத்துக் குகை வாய் வரைக்கும் தண்டவாளம் போய்விட்டது. மிச்சம் இருந்தது குகைக்குள்ளும் எங்கள் பக்கத்திலும்தான். அன்றைக்குக் காலையில் எட்டுப் பேரும் வேலைக்குப் போகவில்லை. ஓடிவிட்டார்கள் என்று பேராகியது. சிப்பாய்கள் வந்து லயத்தைக் கிளறினார்கள், தோட்டத்தைச் சல்லடை போட்டார்கள், மரவள்ளிக் கொல்லையைக் கத்தியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். குகை வாயில் நின்று டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் வளைவில் முட்டி நின்றது. உள்ளே இருட்டும் தண்ணீர்ச் சத்தமும்தான். திரும்பிப் போனார்கள்.

எட்டுப் பேரும் அவரவர் மாடத்தில் நின்றார்கள்.

வேறு எங்கே போவார்கள்? காட்டுக்குள் போனால் அங்கே ஒளிந்திருக்கிற துப்பாக்கிக்காரர்களுக்குப் பயப்பட வேண்டும். ஊருக்குள் போனால் காட்டிக்கொடுக்க ஆள் உண்டு. அந்தக் குகையை அவர்களுக்குத் தெரியும், குகைக்கும் அவர்களைத் தெரியும். குடத்தின் அடியில் மரவள்ளிக்கிழங்கை வைத்துத் துணியால் மூடி, நானும் ஆறாவது மாடத்துக்காரரின் மனைவியான அடுத்த வீட்டு அக்காளும் வாய்க்காலுக்குப் போவோம். முதல் மாடம் வரைக்கும் தடவிக்கொண்டே போய் வைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு வருவோம். ஐந்து நாள் அப்படிப் போயிற்று. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது. இந்த மலை அவருக்கு நன்றி காட்டுகிறது என்று நினைத்தேன். எத்தனை ஓட்டை குத்திவிட்டிருக்கிறார் அதற்கு!

ஆறாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, நாங்கள் இரண்டு பேரும் வாய்க்காலில் இருந்தோம். குழந்தை என் இடுப்பில். மோட்டார் டிராலி ஒன்று எங்கள் பக்கத்துப் பாதையில் வந்து நின்றது. ஒரு ஜப்பான் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், ஓட்டுபவர் நம்முடைய ஆள். குடத்தை வைத்துவிட்டு இடுப்பு வரை குனிந்து நின்றோம். அதிகாரி எங்களைப் பார்க்கவே இல்லை. கையில் நோட்டுப் புத்தகம், அளவு நாடா. குகை வளைவை அண்ணாந்து பார்த்தார். சுவரில் கையை வைத்துத் தட்டி, நல்ல வேலை என்பது போலத் தலையை ஆட்டினார். அவர் ஆள் தேடி வரவில்லை. உள்ளே எத்தனை தண்டவாளம் மிச்சம் இருக்கிறது என்று எண்ண வந்திருந்தார். டிராலியில் ஒருமுறை போய் எண்ணிவிட்டுத் திரும்பியிருப்பார்; வளைவுக்குள் மாடத்தோடு மாடமாக ஒட்டி நிற்பவர்களைச் சிறு விளக்கு வெளிச்சத்தில் கண்டிருக்க மாட்டார். இன்றைக்கும் அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

நான் கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நானே சொன்னதாகிவிடும். வாயை மூடிக்கொண்டால்தான் பிழைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டிராலி நகர்ந்தது. குகை வாய்க்கு வந்ததும் ஓட்டுபவர் விசிலை எடுத்து ஊதினார்.

அவர் மேல் தப்பில்லை. குகை வந்தால் விசில் ஊத வேண்டும், ஊதினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படி இருந்தும் அந்த மனிதனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

விசில் உள்ளே போய் எதிரொலித்து அடங்கியது. அடங்கியதும் மண்டோரின் குரல் கேட்டது.

"ஒண்ணு!"

என் பக்கத்தில் நின்ற அக்காள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். "ரெண்டு!" "மூணு!" குகைக்குள் பேசினால் வெளியே கணீரென்று கேட்கும். "நாலு!" யாருடைய குரல் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். "அஞ்சு!" "ஆறு!" அது அக்காளின் புருஷன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு வரவில்லை.

என் மனிதருக்கு மூளை இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றிய சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். பக்கத்தில் ஒருத்தி தலையில் மண் விழுந்து கிடக்கிறாள், எனக்குச் சந்தோஷம். சொல்லாதீர்கள், சொல்லாதீர்கள் என்று குழந்தையை இறுக்கினேன். அது அழ ஆரம்பித்தது.

"ஆறு!" மறுபடியும் அதே குரல். டிராலி சத்தம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏழு வரவில்லை. முனியாண்டி சாமி, அவர் வாயைக் கட்டு என்றேன்.

"ஆறு!" மூன்றாவது தடவை.

கண் மூடித் திறக்கிற நேரம்கூட இருக்காது. என் புருஷனின் குரல் வந்தது.

"ஏழு!"

அதற்குப் பிறகு எட்டும் வந்தது. அப்புறம் டிராலியின் பிரேக் சத்தம், ஜப்பான்காரனின் கத்தல்.

தலையில் கை வைத்தபடி வெளியே வந்தார்கள். சிப்பாய்கள் பின்னால். அப்போதுகூட ஒன்று முதல் எட்டு வரை வரிசை மாறாமல்தான் வந்தார்கள், பைத்தியக்காரர்கள். ஐந்து நாள் இருட்டில் இருந்ததால் வெயிலில் ஒருவருக்கும் கண் திறக்கவில்லை. நான் குழந்தையோடு ஓடினேன். போய்வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். குழந்தையைக் காட்டியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏன் வாயத் தொறந்தீங்க? மொதல்ல வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்புறம் ஏன் தொறந்தீங்க?"

என் குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். கண்ணைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என் தோளில் தள்ளினான். வாய்க்காலில் விழாமல் குழந்தையைப் பிடித்துக்கொண்டதில், நான் நிமிர்ந்தபோது அவர்கள் பாதையின் வளைவைத் தாண்டிவிட்டார்கள்.

மறுநாள் சிரம்பான் ஸ்டேஷனிலிருந்து சயாமுக்கு அனுப்புகிறார்கள் என்று டிராலி ஓட்டுபவரே ஆள் மூலம் சொல்லிவிட்டார். நடந்தேன். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றன; கதவு பூட்டி, மேலே ஒரு சாண் திறப்பு. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும். எந்த வண்டியில் அவர் என்று தெரியவில்லை. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள் இல்லை நான். அந்த நேரத்திலும் நாக்கு எழவில்லை. வண்டிக்கு வண்டி ஓடி, "பாப்பா அப்பா! பாப்பா அப்பா!" என்று கத்தினேன். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் "இங்க, இங்க" என்று கைகள் நீண்டன. எல்லாருமே யாரோ ஒரு பாப்பாவுக்கு அப்பாதான். எந்தக் கை என்னுடையவருடையது என்று பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. "ஆறு" என்று ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் அவர் இருக்கிற இடம் தெரிந்திருக்கும். அது எனக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

குகைக்குள் இருந்த தண்டவாளத்தை வேறு ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டைகளைக் குத்திவிட யாரும் இல்லை. நாங்கள் மரவள்ளி தின்றோம், கீரை தின்றோம், கீரையும் இல்லாத நாளில் தண்ணீர் குடித்தோம். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. மண்டோர் மேல் இல்லை, ஜப்பான்காரன் மேல்கூட இல்லை. இரண்டு தடவை சும்மா இருக்கத் தெரிந்தவருக்கு மூன்றாவது தடவை சும்மா இருக்கத் தெரியவில்லையே என்று அவர் மேல்தான். நானும் குழந்தையும் அவருக்கு அந்த ஒரு எண்ணைவிடக் குறைச்சலா? குழந்தையைத் தூங்க வைக்கும்போதுகூட மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான். பல மாதம் கழித்து ஒருநாள் ஆறாவது மாடத்துக்காரர் வந்து சேர்ந்தார். வேறு யாரும் வரவில்லை. எலும்பில் தோல் ஒட்டியிருந்தது. காலில் ஆறாத புண். கழுத்தில் ஜெபமாலை இல்லை. அவர் மனைவியே முதலில் அடையாளம் தெரியாமல், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள். நான் என் வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. அவரே வந்தார்.

"பேதியில போயிட்டான் தங்கச்சி. பாலத்துக்கு மரம் தூக்கிக்கிட்டு இருந்தோம். மூணே நாளு. நாந்தான் குழியில எறக்குனேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கேட்டே ஆக வேண்டியது ஒன்று இருந்தது. "ஏன் அண்ணே ஏழுன்னு சொன்னாரு?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அசந்து தூங்கிக்கிட்டு இருந்தோம் தங்கச்சி. விசில் கேட்டதும் வாய் தானா வந்திருச்சி. அவன் ஒருத்தன்தான் முழிச்சிருந்தான். ஏழு வரலன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. விழுந்து கெடக்கான்னு நெனச்சேன். மூணாவது சொல்லிட்டு ஒரு கால வெளிய வச்சிட்டேன். டிராலி வளைவுல வந்திருச்சி. அவன் சொல்லலன்னா நா எறங்கியிருப்பேன், அடிச்சிருக்கும்."

"உங்க ஒத்தக் காலுக்கு என் புருசனக் குடுத்தாரா?" என்று கேட்டேன். கேட்டேன்தான். அந்தப் புண் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் எழுந்தார். லயத்துக்கு வெளியே, வாய்க்கால் பக்கமாகக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். விழுந்து தொலையப்போகிறார் என்று நானும் பின்னால் போனேன்.

தண்டவாளம் இல்லாத குகையை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். ஓட்டைகள் அடைத்துப்போய், சுவரில் ஒரு இடத்தில் செங்கல் பிதுங்கி நின்றது. உள்ளே முழங்காலளவு தண்ணீர். அவர் தண்ணீரில் இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே இருட்டுக்குள் போய்விட்டார். நான் வாயிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரில் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவருடைய மாடத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

"ஆறு!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரைக் கூப்பிடுகிறார்? குழியில் இறக்கியவரே இவர்தானே?

"ஆறு!"

அண்ணே, வெளிய வாங்க என்று கத்தினேன். அவர் காதில் அது விழவே இல்லை. அந்த இருட்டில் அவர் எதிர்பார்த்தது அந்த ஒரு எண்ணைத்தான்; வேறு எது சொன்னாலும் அது பதில் இல்லை.

"ஆறு!"

தண்ணீர் சளப்பென்றது. மாடத்தை விட்டு இறங்கிவிட்டார். வளைவைத் தாண்டி, ஆழமான பக்கமாகக் காலடி போய்க்கொண்டே இருந்தது. சுவர் பிதுங்கியிருக்கிறது, காலில் புண், நிற்கப் பலம் இல்லாத உடம்பு. கிடைக்கும் வரைக்கும் தேடுவார். இந்த மனிதன் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேசக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். வாயைப் பொத்திக்கொண்டுகூடப் பார்த்தேன்.

"ஏழு!" என்றேன்.

உள்ளே காலடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரத் தொடங்கியது.

நான் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று கேட்டு அனுப்பினேனே அவரை. நானும்தான் திறந்துவிட்டேன்.